என் நீர் மாத்திரையும் உன் அறுபத்தாறு கிலோவும்

சேது,

இந்தக் கடிதத்தை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பூனாவில், வானவடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. உனக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் திணறும். இங்கிலீஷில் எழுதியிருந்தால் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பாய். அப்படி முடித்துவிடக் கூடாது என்றுதான் தமிழில் எழுதுகிறேன். புரியாத இடத்தில் அப்பாவுக்குப் போன் செய்து கேள். அவர் எடுப்பார். நான் இப்போதைக்கு எடுப்பதாக இல்லை.

ஒன்பது நாளாக நீ சிஞ்ச்வட்டில் சிநேகிதன் ரூமில் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை நாசிக் பக்கம் அந்த விடுதிப் பள்ளியில் ஜூடோ கோச்சாகச் சேரப் போகிறாய். அங்கே நாற்பது பிள்ளைகள், எல்லாம் பன்னிரண்டிலிருந்து பதினேழு வயதுக்குள், பெற்றவர்களை விட்டு வந்து தங்கிப் படிக்கிறவர்கள். அவர்களை உன் கையில் ஒப்படைப்பதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். போட்டிக்கு முன்னால் எடையைக் குறைக்க என்னுடைய ரத்த அழுத்த மாத்திரையை நீ திருடித் தின்றாய். அதை மறைக்க, எனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று என்னையே நம்ப வைத்தாய். போன மாதம் அதே மாத்திரையைப் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தாய். இதை நீயே உன் வாயால் போய்ச் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை, ஒரு நகலும் எடுத்து வைத்திருக்கிறேன். நம் ஜூடோ ஹாலுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற எந்த அம்மா வந்து கேட்டாலும் படித்துக் காட்டுவேன்.

கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் ஒன்றையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை, குறைத்தும் சொல்லப் போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

உனக்கு அப்போது இருபது வயது. பூனா கேம்ப் பகுதியில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஹாலில் ஆறு வருஷமாக ஜூடோ படித்துக்கொண்டிருந்தாய். என் பேங்க் கிளை அங்கிருந்து பத்து நிமிஷ நடை. ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் நேரே வந்து அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் நீ வந்து, "அம்மா, எல்லாரும் சப்ளிமென்ட் எடுக்கறாங்க. நான் மட்டும்தான் வீட்டுச் சாப்பாட்ல ஓட்டறேன். கைசே ஜீத்தூங்கா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். எப்படி ஜெயிப்பேன் என்றாய். நான் உன்னை நம்பாமல் கோச் ஸாரிடம் போய்க் கேட்டேன். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், சுருக்கமாகப் பேசுவார். "மேடம், பவுடர் ஸே கோயி நஹி கிர்தா" என்றார். பவுடரைத் தின்றால் எதிராளி தானாக விழுந்துவிட மாட்டான் என்றார். ஆனால் ஜூடோவுக்கென்றே உள்ள பயிற்சியைச் சரியாகச் செய்கிறவனுக்கு, சரியான பொருளைச் சரியான அளவில் கொடுத்தால், சண்டையின் கடைசி நிமிஷத்தில் கை தளராமல் இருக்கும் என்றும் சொன்னார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் ஆடின ஆட்டம் கொஞ்சமா! முதல் ஆறு வாரம் பயிற்சி மட்டும், அடுத்த ஆறு வாரம் அதே பயிற்சியோடு ஸார் எழுதிக் கொடுத்த கிரியேட்டின் பவுடர், அப்போதுதான் எதனால் என்ன பலன் என்று தெரியும் என்றேன். அது என் யோசனை. கோச் ஸாரே தலையை ஆட்டிச் சிரித்தார். உச்சிகோமி என்று நீங்கள் சொல்கிற பயிற்சி, எதிராளியைத் தூக்கி எறியாமல், எறியப்போகிற நிலை வரைக்கும் உள்ளே புகுந்து புகுந்து வெளியே வருவது, அதை நூறு நூறாகச் செய்தாய். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி வீட்டிலும் செய்தாய். கம்பி ஆட்டம் கண்டு, கீழ் வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டார். பிடி நழுவாமல் இருக்கப் பழைய ஜூடோ கோட்டைக் கம்பியில் போட்டு, அதைப் பிடித்துத் தொங்கினாய். பீட்ரூட் சாறு பிழிந்து என் கை மூன்று மாதம் சிவப்பாகவே இருந்தது, கவுன்டரில் வந்தவர்கள் மெஹந்தியா என்று கேட்டார்கள். சோடா உப்பு குடித்தால் தசையில் எரிச்சல் குறையும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து நின்றாய். ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடாவைத் தண்ணீரில் கலக்கி நானும் கொடுத்தேன். பயிற்சிச் சண்டை நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ ஓடிய ஓட்டத்தில் ஹாலே உருண்டு புரண்டு சிரித்தது. அன்றைக்கு நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பெல்லாம் பொய் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பேங்கில் ஸ்ட்ராங் ரூமைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், இரண்டு அதிகாரிகள் நிற்க வேண்டும். ஒருத்தரால் மட்டும் திறக்கவே முடியாது. ஒன்பது வருஷம் அதில் ஒரு சாவி என்னிடம் இருந்தது. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்தேன். பவுடர் டப்பா எதுவாக இருந்தாலும் நாம் இருவரும் இருக்கும்போதுதான் சீலை உடைப்பது. மூடியில் தேதி போட்டு இருவரும் கையெழுத்துப் போடுவது. பேட்ச் நம்பரை டைரியில் குறித்து வைப்பது. ஹாலில் யார் எதைக் கொடுத்தாலும் வாயில் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். விளையாட்டில் தடை செய்த மருந்துகளின் பட்டியலை ஆபீஸில் பிரின்ட் எடுத்து வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். உன் உடம்புக்குள் ஒரு தூசிகூட எனக்குத் தெரியாமல் போகாது என்று உன் சித்தியிடம் போனில் பெருமை அடித்தேன். என் ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த நீர் மாத்திரை அதே ஃபிரிட்ஜின் தலையில் கிடந்தது. உடம்பில் உள்ள நீரை இறக்குகிற மாத்திரை. அதன் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. நானும் படித்தேன், எனக்கு உறைக்கவில்லை. நீயும் படித்தாய், உனக்கு உறைத்துவிட்டது.

கோச் ஸார் வைத்த சோதனை உனக்கு நினைவிருக்கும். ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர் நிற்பார்கள். நடுவிலிருந்து ஓடி, மாற்றி மாற்றி அவர்களைத் தூக்கி எறிய வேண்டும். பதினைந்து விநாடி, பிறகு முப்பது, பிறகு முப்பது. மொத்தம் எத்தனை எறிந்தாய் என்று ஒருத்தர் எண்ண, முடிந்ததும் நாடித்துடிப்பை நான் பார்ப்பேன், ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பேன். ஆரம்பத்தில் இருபத்து மூன்று. ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு இருபத்தைந்து. பவுடரும் சேர்ந்தபோது இருபத்தேழு. துடிப்பும் முன்னைவிடச் சீக்கிரம் இறங்கியது. அதற்கப்புறம் பரீட்சை என்று ஹாலுக்கே போகாமல் பவுடரை மட்டும் தின்ற மாதம் ஒன்று உண்டே, அந்த மாதம் ஒன்றும் கூடவில்லை, எடைதான் கூடியது. கோச் ஸார் சொன்னது நம் வீட்டிலேயே நிரூபணமாகிவிட்டது என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். இருபத்தேழு என்று எண்ணி முடித்ததும் நீ மூச்சிரைக்க வந்து வேர்வையோடு என்னைக் கட்டிக்கொண்டாய். என் பேங்க் புடவை நனைந்தது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். கிரியேட்டின் தசையில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், எடை கொஞ்சம் ஏறும் என்று கோச் ஸார் முதலிலேயே சொல்லியிருந்தார். ஏறியது. அறுபத்தாறு கிலோ பிரிவில் ஆடுகிற பையன் அறுபத்தெட்டில் வந்து நின்றாய். "இவன் வளர்கிற பையன், எழுபத்து மூன்று பிரிவுக்குப் போகட்டும், ஒரு வருஷம் தோற்பான், பரவாயில்லை" என்றார் அவர். நான்தான் கேட்கவில்லை. எழுபத்து மூன்றில் நம் மாவட்டத்திலேயே மூன்று பேர் மலை மாதிரி இருந்தார்கள். அறுபத்தாறில் உனக்கு வழி திறந்திருந்தது. "ஏல, ரெண்டு கிலோதானல? ராத்திரிச் சாப்பாட்டக் கொறச்சா ஆச்சு. அறுபத்தாறுதான் நம்ம எடம்" என்று நான் சொன்னேன். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் உன்னை எடை மெஷினில் ஏற்றி, முள் ஒரு கோடு தள்ளி நின்றால் உன்னோடு பேசாமல் இருந்தேன். உன் தட்டில் இருந்த இட்லியை எடுத்து அப்பா தட்டில் வைத்தேன். உனக்கு நெருக்கடி கொடுத்தது நான். அதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் நெருக்கடிக்குள் நின்றுகொண்டு நீ செய்ததை நான் செய்யவில்லை.

முதலில் ஒரு மாத்திரை குறைந்தது. அட்டையில் ஐந்து இருக்க வேண்டும், நான்குதான் இருந்தது. நேற்று இரண்டு போட்டுவிட்டேனோ என்று நினைத்து, அன்றைக்குப் போடாமல் விட்டேன். பத்து நாள் கழித்து மறுபடி. இரண்டு மாதத்தில் ஐந்து தடவை. பிரஷர் ஏறி, கேம்பில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தலை சுற்றி, யாரோ ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் போனது. எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று பயந்தேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாய். மறுநாள் கேம்பில் போய், திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வந்து என் கையில் வைத்தாய். "இனிமே மறக்காதும்மா" என்றாய். என் பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று அதை அடுக்ககத்தில் எல்லோரிடமும் காட்டினேன். பாவி!

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். வியாழக்கிழமை அறை காலியாக இருந்தது. நீ குளித்துவிட்டுத் துண்டோடு நின்றுகொண்டிருந்தாய். "ஏல சேது, நாளைக்குள்ள மாத்திரையக் காணமே. நீ பாத்தியா?" என்று கேட்டேன். நீ என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாய்: "அரே அம்மா, காலைல ரெண்டு போட்டிருப்பே நீ. டென்ஷன் மத் லே." கவலைப்படாதே என்றாய். வெள்ளிக்கிழமை உனக்கு எடை பார்க்கிற நாள். அந்த மாத்திரை அப்போது உன் வயிற்றில் இருந்தது. உனக்கு அப்போது வாயைத் திறக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நான்தாம்மா எடுத்தேன். இரண்டே வார்த்தை. திட்டியிருப்பேன், இரண்டு அறைகூட விட்டிருப்பேன், மறுநாள் இட்லி சுட்டுப் போட்டிருப்பேன்.

நரம்பு டாக்டரிடம் போனோம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார். பேங்க்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? நிறுத்தாமல் இரண்டு வரைக்கும் வந்தேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, வேலை டென்ஷனாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். நான் அந்த டாக்டரை நம்பவில்லை. காலியாக இருந்த அறையை நம்பினேன். அப்புறம் ஒவ்வொன்றாக என் கையை விட்டுப் போனது. ஸ்கூட்டர் சாவியை நானே அப்பாவிடம் கொடுத்தேன். வெளியே கிளம்பும்போதெல்லாம் அப்பா திரும்பிப் போய், நான் கேஸை மூடினேனா என்று பார்த்துவிட்டு வருவார். அவர் சத்தமில்லாமல்தான் செய்வார், எனக்குத் தெரியாதா? அடுக்ககத்தில் பெண்கள் ஒரு விஷயத்தை எனக்கு இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்ட்ராங் ரூம் சாவி பையில் இருக்கிறதா என்று வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என்றைக்காவது இதை ஆட்டோவில் விட்டுவிட்டு வந்தால்? விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். மேனேஜர், "மேடம், ஒரு தப்புகூட நடக்கலையே, எதுக்கு?" என்று கேட்டார். "நடக்கறதுக்கு முன்னாடியே போயிடறேன் ஸார்" என்றேன். இன்னும் நாலு வருஷம் வேலை இருந்தது. எனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். வழியனுப்பு விழாவுக்கு நீ வந்தாய். அதற்கு முந்தின மாதம்தான் மாநிலப் போட்டியில் அறுபத்தாறு கிலோவில் வெள்ளி வாங்கியிருந்தாய், எல்லோரும் உனக்குக் கை கொடுத்தார்கள். உன்னைப் பேசச் சொன்னார்கள். "அம்மா எனக்காக ரொம்ப ஓடிட்டாங்க, இனிமே ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றாய். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், சேது. எல்லாம் தெரிந்தவன் நீ ஒருத்தன் மட்டும், பூச்செண்டை வைத்துக்கொண்டு அங்கே நின்றாய்.

அதற்குப் பிறகு உனக்கு முட்டி பிசகி ஒரு வருஷம் போட்டிக்கே போகவில்லை. அந்த ஒரு வருஷமும் என் டப்பாவில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. ஊரிலிருந்து வரவழைத்த வல்லாரை லேகியம்தான் வேலை செய்கிறது என்று நினைத்து, உன் சித்திக்கும் ஒரு பாட்டில் அனுப்பி வைத்தேன். நீயும் பக்கத்தில் இருந்து, "சூப்பர்ம்மா, கன்டின்யூ பண்ணு" என்றாய். உன்னால் எப்படி முடிந்தது? நிஜமாகவே கேட்கிறேன். எனக்கு அதுதான் விளங்கவே இல்லை.

முட்டி சரியானதும் அதே ஹாலில் கோச் ஸாருக்கு உதவியாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாய். போன மாதம் மறுபடி என் அட்டையில் இரண்டு மாத்திரை குறைந்தது. மறுபடி ஆரம்பிச்சிட்டு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, லேகியத்தை இரண்டு ஸ்பூனாக்கினேன். மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் வைஷாலி வீட்டுக்கு வந்தாள். உன்னிடம் படிக்கிற தன்வியின் அம்மா. உட்காரக்கூட இல்லை. கையில் கத்தரியால் வெட்டிய மாத்திரை அட்டைத் துண்டு ஒன்று. அதில் ஒரு குழி காலி, இன்னொன்றில் அரை மாத்திரை. "தாயி, யே ஆப்கா ஹை க்யா?" என்று கேட்டாள், அக்கா, இது உங்களுடையதா என்று. சிஞ்ச்வட்டில் நடந்த போட்டியில் தன்விக்கு நாற்பத்தெட்டுக்கு மேல் ஒரு கிலோ கூட இருந்ததாம். சேது ஸார் கொடுத்தார் என்று முதல் நாள் ஒன்று, மறுநாள் காலையில் அரை போட்டிருக்கிறாள். எடை சரியாகிவிட்டது. உடம்பைச் சூடாக்க ஓடும்போது இரண்டு காலும் இழுத்துக்கொண்டு, கண் சொருகி விழுந்திருக்கிறாள். கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி எழுப்பினார்கள். வெயில் என்று நீ சொன்னாயாம். பெண் பயத்தில் வாயே திறக்கவில்லை, புத்தகப் பையில் இந்தத் துண்டு கிடைத்த பிறகுதான் சொல்லியிருக்கிறாள். "எங்கம்மா தினமும் போடறாங்க, நானே போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்று நீ சொன்னதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

மாத்திரை தீர்ந்தும் தூக்கிப் போடாமல் வைத்திருந்த என் போன மாத அட்டையை எடுத்து வந்தேன். கீழ் மூலை கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது, எண்ணிக்கையிலேயே இருந்த என் கண் அதைப் பார்க்கவில்லை. நான் மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டுகிறவள் இல்லை. இரண்டையும் சேர்த்து மேஜையில் வைத்தேன். பேட்ச் நம்பரில் முதல் நாலு எழுத்து என் அட்டையில் இருந்தது, மீதி அவள் துண்டில் இருந்தது. வைஷாலி தன் மகளை நினைத்து அழுதாள். நான் என்னை நினைத்து அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இரண்டு வருஷமாக ஓடாமல் நின்றுபோயிருந்த என் மூளை அந்த மேஜை முன்னால் எனக்குத் திரும்பக் கிடைத்தது. கூடவே நீ என் கையை விட்டுப் போய்விட்டாய்.

அன்று சாயங்காலம் நீ வந்ததும் கேட்டேன். "ஆதா கோலிதான்ம்மா, அரை மாத்திரைதான். எல்லா ஹால்லயும் நடக்கறதுதான்" என்றாய். ஒன்றரை என்று உனக்கே தெரியும். "அவளுக்கு நடந்தத விடு. எனக்கு நடந்தது?" என்றேன். "நீ இவ்ளோ சீரியஸா எடுப்பேன்னு நினைக்கலம்மா. நீ வேலையை விடுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாய். சரி, தெரியாது. விட்ட பிறகு தெரியும் அல்லவா? அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்ததே. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவ கேஸ மூடினாளான்னு நான் போய்ப் போய்ப் பாத்தேனேடா" என்று மட்டும் சொன்னார். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். வெட்கத்தில் போயிருக்கிறான், வருவான், வந்து உண்மையைச் சொல்வான் என்று கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முந்தாநாள் வைஷாலி மறுபடி வந்தாள். அவள் பேச்சு நேராக இல்லை. நான் எந்த வருஷம் பூனா வந்தேன், பேங்கில் எப்போது சேர்ந்தேன், தன்வி முழுப் பெயர் என்ன என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். அவள் என்னைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். நீ அவளுக்குப் போன் செய்திருக்கிறாய். ஆன்டி, அம்மாவுக்கு ரெண்டு வருஷமா ஞாபகம் சரியில்லை, எதையும் எதோடயும் கலந்து சொல்லுவாங்க, டாக்டரிடம் காட்டின பேப்பர்கூட இருக்கு, அந்த அட்டையை அவங்களே வெட்டியிருப்பாங்க, அவங்க பேச்சை வெச்சு எங்கேயும் கம்ப்ளெயின்ட் குடுக்காதீங்க என்று சொல்லியிருக்கிறாய்.

மாத்திரையைத் திருடினதைக்கூட என்றைக்காவது மன்னித்திருப்பேன். பையன், பயம், போட்டி, கூடவே என்னுடைய பிடிவாதம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன். ஆனால் நான் நல்ல புத்தியோடு இருக்கிறேன் என்பது இந்த உலகத்தில் உறுதியாகத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். அந்த ஒருத்தனே போனை எடுத்து, என் அம்மா புத்தி பேதலித்தவள் என்று வெளி ஆளிடம் சொன்னாய். இதைவிட என்ன வேண்டும்? என்னைக் கொன்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆனாலும் நீ என் பிள்ளை, உன்னிடம் படிக்கப்போகிற பிள்ளைகளும் யாரோ பெற்றவர்கள். அதனால் புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறினால் அடுத்த பிரிவுக்கு அனுப்பு, தோற்றால் தோற்கட்டும். நான் அதைச் செய்யாமல் விட்டதன் பலன்தான் இவ்வளவும். பயிற்சியை முதலில் கொடு, பவுடர் அதற்குத் துணைதான், அதுவும் டாக்டருக்கும் பெற்றவர்களுக்கும் தெரிந்து, வயது வந்த பிள்ளைக்கு மட்டும். நீரை வற்றடித்து எடை குறைத்தவன் மெஷினில் ஜெயிப்பான், ஜூடோ விரிப்பில் இறங்கினால் அவன் காலில் ஜீவன் இருக்காது. தன்வி விழுந்ததை நீ நேரில் பார்த்தாய். பிள்ளை தப்பு செய்துவிட்டு வந்து நின்றால், சொல்வதற்கு இடம் கொடு. என் வீட்டில் உனக்கு அந்த இடம் இல்லாமல் போனதா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எடை மெஷின் முன்னால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலைகளில் நீ சொல்ல வந்து சொல்லாமல் போயிருக்கலாம். அந்தப் பழி என்னுடையதாக இருக்கட்டும். போன் செய்த பழி உன்னுடையது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நானும் வைஷாலியும் ஜூடோ சங்கத்து ஆபீஸுக்குப் போகிறோம். கோச் ஸாரும் வருகிறார், உன் புதுப் பள்ளியிலிருந்து ஒருத்தரை வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிட்டால் நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன், உள்ளே வர மாட்டேன். வெள்ளிப் பதக்கம் போகும், வேலையும் போகலாம். போனால் போகட்டும், எனக்கும் வேலை போனது, நான் சாகவில்லை. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். முதல் மாத்திரையிலிருந்து ஆரம்பித்து, வியாழக்கிழமை அறை, பூச்செண்டு, தன்வி, போன் என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்வேன். நீயும் வந்து என் பக்கத்தில் நில். எங்கேயாவது எனக்கு மறந்துபோனால், நீ எடுத்துக்கொடு.

அம்மா